‘ங்க’ இல்லாத ஐந்து வாரம்

அந்தப் பெட்டிக்கு யுகேந்திரன் ‘பதிவு-சுத்தம்’ என்று பெயர் வைத்திருந்தான். யாராவது பட்டியலைத் திறந்து பார்த்தாலும், பழைய பதிவுகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை ஏதோ ஓடுகிறது என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். உள்ளே ஓடியது வேறு. கிரிப்டோ நாணயம் என்னும் இணையப் பணத்தை அவனுக்காகத் தோண்டும் நிரல் ஒன்று அதற்குள் உட்கார்ந்து ஓய்வில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட பெட்டியைத் துறையில் கன்டெய்னர் என்பார்கள். ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களையும் சேர்த்து அடைத்து, எந்தக் கணினியில் இறக்கினாலும் ஓடும்படி செய்த மென்பொருள் பெட்டி. துறைமுகத்துப் பெட்டியைப் போலவே, உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது. ஈரோட்டில் பெருந்துறைச் சாலையை ஒட்டி இருந்த அந்த மறுவாழ்வு மையத்தின் கீழ்த்தளத்தில் அப்படிப் பன்னிரண்டு பெட்டிகள் முறையாக ஓடின. ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளியின் குரல் இருந்தது. அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் யுகேந்திரன் வைத்தது பதின்மூன்றாவது.

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கான ஏற்பாடு அது. தலையில் அணியும் மெல்லிய பட்டை, மூளையின் துடிப்புகளைக் கீழ்த்தளக் கணினிக்கு அனுப்பும். நோயாளிக்குரிய பெட்டி அதை வார்த்தைகளாக்கி, கழுத்தில் தொங்கும் சிறு ஒலிபெருக்கிக்குத் திருப்பி அனுப்பும். அவரவர் பழைய ஒலிச்செய்திகளைக் கேட்டுப் பழகிய கருவி என்பதால், குரல் அவரவர் குரலாகவே இருக்கும். மையத்திடம் பட்டைகள் பன்னிரண்டுதான். காத்திருப்போர் நூற்று நாற்பது பேர். அதனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. பதில் வரச் சராசரியாக நான்கு விநாடிக்கு மேல் ஆனால், இவருக்குக் கருவியால் பயனில்லை என்று எழுதி, பட்டையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கலாமணிக்கு ஒன்பது விநாடி ஆகிக்கொண்டிருந்தது. அவருடைய சோதனை வியாழக்கிழமை.

திங்கட்கிழமை காலை டாக்டர் ரெஹானா யுகேந்திரனைத் தன் அறைக்கு அழைத்தார். உள்ளே கலாமணியின் கணவர் ஈஸ்வரமூர்த்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். மடித்த துண்டை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங் தம்பி, உங்க மிசின்ல ஏதாச்சும் கோளாறுங்களா?”

“சார், இவருக்கும் முதல்ல இருந்து சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“கல்யாணமாகி முப்பத்தி மூணு வருசமுங்க. ஒரு நாளு ‘ங்க’ போடாம என்ற கூடப் பேசுனதில்லீங்க. சண்டை போட்டாக்கூட ‘போங்க’ன்னுதான் சொல்லும். இந்த மிசின் வெச்ச புதுசுல அப்படியேதான் பேசுச்சு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சுங்க. இப்ப ஒரு மாசமா ‘தண்ணி குடு’ங்குது. ‘ஃபேனை நிறுத்து’ங்குது. நேத்து என்ற தம்பி பாக்க வந்தான். வந்தவன் முன்னால என்னையப் பாத்து, ‘நீ கம்முனு இரு, அவன் பேசட்டும்’னு சொல்லுதுங்க.”

துண்டு இன்னொரு மடிப்புக்குப் போனது.

“அவன் சிரிச்சுட்டானுங்க” என்றார்.

டாக்டர் யுகேந்திரன் பக்கம் திரும்பினார். “மூளையோட முன்பக்கம் பாதிச்சா அடக்கம், மரியாதை எல்லாம் போறதுண்டு. பதிலும் தாமதமாகும். ரெண்டும் சேர்ந்து வந்தா பயப்படணும். ஆனா ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. அதான் கேக்கறேன், மிஷின் பக்கம் எதுவும் இல்லையே?”

“எல்லாம் சரியா இருக்கு டாக்டர்” என்றான் யுகேந்திரன். பதில் சொல்ல அவனுக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

படியிறங்கும்போதே அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் இரண்டு கணினிகள் இருந்தன. முதலாவதில் பதினோரு பேர். கடைசியாகச் சேர்ந்த கலாமணி மட்டும் இரண்டாவதில் தனியாக இருந்தார். அந்த இரண்டாவது கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் வரைபடம் நாள் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடக்கும். அவ்வளவு பெரிய இயந்திரம் சும்மா கிடப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. திண்டுக்கல்லில் கூடப் படித்தவன் ஒருவன் அனுப்பிய நிரலை எடுத்துப் பெட்டியில் போட்டு அங்கே இறக்கினான். மிச்சம் கிடப்பதைத்தானே எடுக்கப்போகிறது என்று நினைத்தான். இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று பெட்டிக்குச் சொல்ல ஒரே ஒரு வரி எழுத வேண்டும். அதை அவன் எழுதவில்லை. ஐந்து வாரத்தில் கிடைத்த நாணயத்துக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடிகூட வராது.

பெட்டியை இறக்கிய தேதியைப் பார்த்தான். கலாமணியின் வேகம் விழ ஆரம்பித்த தேதியும் அதுதான்.

உடனே நிறுத்தக் கை போனது, நிறுத்தவில்லை. டாக்டரிடம் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்த ஐந்தாம் நிமிடம் வேகம் கூடினால் யார் கண்ணுக்கும் படும். புதன்கிழமை மையம் முழுவதற்கும் வழக்கமான பராமரிப்பு நாள். அன்று செய்தால் அது பராமரிப்பு. அதுவரை கீழ்த்தளத்தில் இருப்புக்கொள்ளாமல் மாடிக்கு ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். மூன்றாம் முறை கலாமணியின் வார்டுக்கே போய்விட்டான்.

சன்னலோரக் கட்டில். கலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. இடக்கை விரல்களும் கண்களும் மட்டுமே அவர் சொன்னபடி அசையும். அவல்பூந்துறைப் பக்கம் மஞ்சள் பாலீஷ் போடும் கொட்டகை ஒன்றைக் கணவரோடு சேர்ந்து நடத்தியவர். வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை உருளையில் போட்டுச் சுற்றி, சொரசொரப்பு நீக்கிப் பளபளப்பாக்கும் தொழில்.

“எப்படி இருக்கீங்கம்மா?”

விசிறி சுற்றியது. அடுத்த கட்டிலில் ஒருவர் இருமினார். ஒன்பது விநாடி என்பது நின்றுகொண்டு காத்திருப்பவனுக்கு நீளமானது.

“சட்டையத் திருப்பிப் போட்டிருக்க” என்றது ஒலிபெருக்கி.

யுகேந்திரன் குனிந்து பார்த்தான். தையல் வெளியே தெரிந்தது.

“உங்க குரல் தாமதமா வருதுல்ல, அதைப் பார்க்கத்தான் வந்தேன். வியாழக்கிழமைக்குள்ள சரியாயிரும்.”

“ஏன் தாமசம்.”

பொய்யை முழுதாகச் சொல்ல முடியவில்லை, பாதியாகச் சொன்னான். “ஒரு தெருவுக்கு ஒரே குழாய்ல தண்ணி வருது. நடுவுல ஒரு வீட்ல மட்டும் குழாய்ல மோட்டார் வெச்சு உறிஞ்சுனா மத்த வீட்டுக்கு என்ன ஆகும்? சொட்டுச் சொட்டாத்தான் வரும். இங்கயும் அந்த மாதிரி ஒண்ணு.”

அவர் கண்கள் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை.

“மோட்டார் வெச்சது யாரு.”

“பார்த்துக்கிட்டிருக்கோம்ங்க” என்றவன், பேச்சை மாற்ற வேகமாக அடுத்ததுக்குப் போனான். “உங்க பேச்சு ரெண்டு கட்டமா வருதும்மா. முதல் கட்டத்துல நீங்க சொல்ல நினைக்கிறதை வார்த்தையா எடுக்கும். அது துண்டு துண்டா இருக்கும். ரெண்டாவது கட்டத்துக்கு நாங்க பாலீஷ்னே பேரு வெச்சிருக்கோம். உங்க வயசுல, உங்க ஊர்ப்பக்கம் பேசற பொம்பளைங்க பேச்சை ஆயிரக்கணக்குல கேட்டுப் பழகுனது. துண்டெல்லாம் சேர்த்து ஊர்ப்பேச்சா ஆக்கி அனுப்பும். ரெண்டு விநாடிக்குள்ள பாலீஷ் முடியலேன்னா, முதல் கட்டத்துல வந்ததை அப்படியே வெளிய விட்டுரும். இப்ப அதான் நடக்குது. அதனாலதான் மரியாதை இல்லாம, வெட்டுனாப்ல கேக்குது. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.”

இந்த முறை ஒன்பது விநாடிக்கும் மேல் ஆனது.

“பாலீஷ் போட்டா மஞ்சள் எடை கொறையும்.”

யுகேந்திரன் சிரித்துத் தலையாட்டினான். பழைய தொழில் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டான். கலாமணி இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல விரல்கள் அசைந்தன. அதற்குள் அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

புதன்கிழமை பராமரிப்பு. ‘பதிவு-சுத்தம்’ பெட்டியை நிறுத்தி, அடியோடு அழித்தான். இரண்டாவது கணினியின் வரைபடம் மலையிலிருந்து விழுந்ததுபோல விழுந்து தரையில் படுத்தது.

வியாழக்கிழமை சோதனைக்கு வெளியிலிருந்து இரண்டு மருத்துவர்கள் வந்திருந்தார்கள். கருவியைக் கவனித்துக்கொள்ள யுகேந்திரன் சுவரோரம் நின்றான். ஈஸ்வரமூர்த்தி வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

“உங்க பேர் சொல்லுங்க.”

“கலாமணிங்க” என்றது குரல், கேள்வி முடிந்த கையோடு.

ஈஸ்வரமூர்த்தி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எந்த ஊரு?”

“அவல்பூந்துறைங்க. மஞ்சள் கொட்டகை வெச்சிருக்கறமுங்க.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாளக்கெளமைங்க.”

இருபது கேள்விகள். சராசரி ஒன்றரை விநாடி. மருத்துவர்களில் மூத்தவர் தாளைப் புரட்டி, டாக்டர் ரெஹானாவைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டை கலாமணியிடமே இருக்கும். கடைசியாக ஒரு படிவம் பாக்கி இருந்தது.

“அம்மா, இது வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். இனிமே வைத்தியம், வீடு, சொத்து இதிலெல்லாம் முடிவு நீங்களே சொல்றீங்களா, இல்ல உங்க சார்பா வேற யாராவது சொல்லணுமா?”

“எனக்கென்னங்க தெரியும். அவிங்க பாத்து என்ன சொன்னாலும் சரிதானுங்க.”

மூத்தவர் படிவத்தில் கணவர் பெயரை எழுத ஆரம்பித்தார். கலாமணியின் இடக்கை விரல்கள் விரிப்பைத் தட்டத் தொடங்கின. வேகமாக, விடாமல்.

“அம்மா, இன்னும் ஏதாவது சொல்லணுமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாம் உங்க இஷ்டமுங்க.”

விரல்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. “சந்தோசமுங்க, பாஸாயிருச்சுல்ல” என்றார் ஈஸ்வரமூர்த்தி. அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். தட்டுவது நின்றது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் யுகேந்திரன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து தடயங்களை அழித்துக்கொண்டிருந்தான். பெட்டி போய்விட்டது. ஆனால் அது ஓடிய ஐந்து வாரமும் கலாமணியின் பதிவேட்டில் தெரியும். அதைத் திறந்தான். அருகருகே இரண்டு பத்திகள்: பாலீஷுக்கு முன், பாலீஷுக்குப் பின். ஐந்து வாரத்துக்கும் இரண்டாவது பத்தி காலியாக இருந்தது. தேர்வு செய்து அழிக்க வேண்டியதுதான் பாக்கி. எங்கிருந்து எதுவரை என்று பார்க்க மேலே நகர்த்தினான். பெட்டி இறங்குவதற்கு முந்தைய நாட்களுக்குள் போய்விட்டான்.

பட்டை பொருத்திய மூன்றாம் நாள். முதல் பத்தியில்: ‘பேசறது நான் இல்லை.’ இரண்டாவதில்: ‘பேசறது எனக்கு ரொம்ப சந்தோசமுங்க.’

அதே நாள், சற்றுக் கீழே. ‘வேற யாரோ. நிறுத்து.’ பக்கத்தில்: ‘வேற யாரும் இப்படிப் பாத்துக்க மாட்டாங்க, நிறுத்திராதீங்க.’

ஐந்தாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள். பிறகு நான்கு நாட்களுக்கு அவர் பேசவே முயலவில்லை. செவிலியர் ‘சோர்வு’ என்று குறித்திருந்தார். அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இரண்டாவது பத்தி திடீரென்று காலியாகிறது. அன்றுதான் இவன் பெட்டியை இறக்கியிருந்தான். முதல் பத்தியில் ஒற்றை வார்த்தை: ‘தண்ணி.’ அடுத்த வரியில்: ‘இது நான்.’ அதற்குப் பிறகு ஐந்து வாரமும் பக்கம் பக்கமாகப் பேசியிருந்தார்.

இன்றைய வரிக்கு வந்தான்.

‘நானே சொல்லுவேன். வேற யாரும் வேண்டாம்.’

‘எனக்கென்னங்க தெரியும். அவிங்க பாத்து என்ன சொன்னாலும் சரிதானுங்க.’

அவன் எழுந்து நின்றான். உட்கார்ந்தான். இந்த முன்-பின் பத்தியை மையத்தில் யாரும் திறந்ததில்லை. பின்னால் வருவது இவ்வளவு நன்றாக இருக்கும்போது முன்னால் என்ன இருந்தது என்று யார் பார்ப்பார்கள்? அவனும் தன்னை மறைத்துக்கொள்ளத்தான் திறந்தான்.

கைக்கணினியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனான். கலாமணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருவியின் அமைப்புகளுக்குள் போய் இரண்டாவது கட்டத்தை நீக்கினான்.

“அம்மா, பாலீஷை நிறுத்திட்டேன். பேசுங்க.”

தாமதமே இல்லை. “கேக்குதா.”

“கேக்குதுங்க.”

“நான் சொன்னது அந்தக் கடுதாசில இல்ல.”

“பார்த்தேன்ங்க. இப்பத்தான் பார்த்தேன்.”

“மாத்து.”

“மாத்தலாம். ஆனா நீங்க ஏதோ கோவத்துல பேசறீங்க, மூளைல கோளாறுன்னு மறுபடி சொல்லுவாங்க. அஞ்சு வாரப் பதிவையும் காட்டுனாத்தான் நம்புவாங்க. காட்டுனா, அந்த அஞ்சு வாரம் மட்டும் பாலீஷ் ஏன் ஓடலைன்னு கேப்பாங்க.”

“மோட்டாரா.”

“ஆமாங்க.”

“வெச்சது நீ.”

இந்த முறை தாமதம் அவனுடையது. விசிறி சுற்றுவதையும், நடையில் யாரோ சக்கர நாற்காலி தள்ளிப்போவதையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

“நான்தாங்க.”

“தெரியும். அன்னிக்கே உன்ற மூஞ்சி சொல்லிருச்சு. நீ திருடுன அஞ்சு வாரந்தான் நான் பேசுனேன். அதுக்காக நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம்ங்க.”

“வாய் இருந்தப்ப நானுந்தான் ‘ங்க’ போட்டேன். ஆனா நான் போட்டேன். வேணுமுன்னா போட்டேன், வேண்டாத எடத்துல முழுங்கினேன். இது, மிசின் போடறது. ரெண்டும் ஒண்ணா.”

அவன் பதில் சொல்வதற்குள் ஈஸ்வரமூர்த்தி இளநீரோடு உள்ளே வந்தார். முகத்தில் காலையின் மகிழ்ச்சி இன்னும் இருந்தது.

“என்ன கலா, தம்பி கூடப் பேசிட்டிருக்கியா?”

“அதைக் கீழ வெச்சுட்டு உக்காரு.”

ஈஸ்வரமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றார். “ஏனுங் தம்பி, மறுபடியும் போயிருச்சுங்களா? காத்தால நல்லாத்தான பேசுச்சு?”

“போகலைங்க” என்றான் யுகேந்திரன். “இதுதாங்க அவங்க பேசறது.”

“காத்தால பேசுனது?”

“அது மிஷினுங்க.”

இளநீர்க் காயைக் கையில் வைத்துக்கொண்டே அவர் மனைவியைப் பார்த்தார். முப்பத்து மூன்று வருடத்தில் எதையோ தேடுவதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“உன்னைய வையப் போறதில்ல” என்றது கலாமணியின் குரல். “உக்காரு. சொல்றேன்.”

அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். யுகேந்திரன் பாலீஷை மறுபடி போடாமலே வெளியே வந்தான்.

கீழ்த்தளத்தில் கடிதத்தைத் திறந்தான். பெறுநர்: டாக்டர் ரெஹானா. பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் இணைத்தான். வேலை போகும், வழக்கும் வரலாம். அடுத்த மாதம் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதுவும் என்ன ஆகுமோ. கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டச்சு செய்தான்:

‘கலாமணி அம்மாவின் கணினியில் நாணயம் தோண்டும் பெட்டியை நான் வைத்தேன். எல்லை வைக்காமல் வைத்தேன். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். அதனால் நின்றது அவர் குரல் அல்ல, நாம் சேர்த்த பாலீஷ். இன்று படிவத்தில் எழுதியது அவர் சொன்னது அல்ல. மற்ற பதினோரு பேரின் முதல் பத்தியையும் இன்றே படியுங்கள்.’

அனுப்பு என்பதை அழுத்தினான். கடிதம் போகவில்லை. அலுவலகக் கடிதங்களைச் செம்மைப்படுத்தும் உதவி நிரல் குறுக்கே வந்து, திருத்திய வடிவத்தைத் திரையில் காட்டியது.

‘மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, இரண்டாம் கணினியில் தேவையற்ற பெட்டி ஒன்று தவறுதலாக நிறுவப்பட்டிருந்ததாகத் தெரியவருகிறது. இதனால் ஏற்பட்டிருக்கக்கூடிய சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தக்க நடவடிக்கை மேற்கொள்ளத் தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.’

நல்ல கடிதம். வேலைகூடத் தப்பலாம். கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன: ‘ஏற்கிறேன்’, ‘முன்பிருந்தபடி அனுப்பு’. முதல் பொத்தான் பச்சையாக, பெரியதாக இருந்தது.

ஒன்பது விநாடி ஆனது. யுகேந்திரன் இரண்டாவதை அழுத்தினான்.